எப்படி வைத்தாலும் எட்டு

நான் கணக்கில் பி.எஸ்ஸி. முடித்தவள். அதனாலேயே, யுகேஜி பிள்ளைகளுக்கு ஒன்று, இரண்டு சொல்லித் தரும் வேலைக்குப் போகிறேன் என்று வெளியில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. திருப்பத்தூரில் என்னோடு படித்த தோழி போனில் சிரித்தாள்.

"அவ்ளோ படிச்சிட்டு அங்க போயி ஏ ஃபார் ஆப்பிளா?"

"பக்கத்துலயே இருக்குடி. நடந்தே போயிட்டு வந்துடலாம்" என்றேன்.

அதுதான் உண்மையான காரணமும். கணவருக்குப் பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. நாங்கள் ஹெப்பகோடியில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் அந்தப் பள்ளி இருந்தது. பள்ளியை நடத்தும் மேடம் மாடியில் குடியிருந்தார். கன்னடக்காரர். தமிழும் நன்றாகப் பேசுவார். முதல் நாளே சொல்லிவிட்டார்.

"டிசம்பர்குள்ள நூறு வரைக்கும் எழுதணும். மூணெழுத்து வார்த்தை படிக்கணும். அஷ்டே, அவ்ளோதான். பேரண்ட்ஸ் வந்து நோட்டைத்தான் பாப்பாங்க, புரியுதா?"

டிசம்பர் வரைக்கும் எதற்கு, ஒரு மாதம் போதுமே என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி, ஒடியா என்று வீட்டுக்கு வீடு ஒரு மொழி. வகுப்பில் இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்பது விதி. ஆனால் தண்ணீர் தாகமெடுத்தாலோ, பக்கத்துப் பிள்ளை கிள்ளிவிட்டாலோ அவரவர் மொழிதான் முதலில் வாயில் வரும். பெரும்பாலும் சுற்றியுள்ள கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள். பன்னிரண்டரை மணிக்கு வகுப்பு முடிந்த பிறகும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் சாயங்காலம் வரை அங்கேயே இருப்பார்கள். அவர்களுடன் நானும் இருப்பேன்.

அப்படி இருந்தவர்களில் ஒரு சிறுமி. ஐந்து வயது. இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடையில் ஒரு ரிப்பன் எப்போதும் அவிழ்ந்து தொங்கும். அப்பா கம்பெனி கேப் ஓட்டினார். அம்மா ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் டெய்லர். கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வந்தவர்கள். வீட்டில் தமிழ் மட்டும்தான். அவளுடைய நோட்டில் ஐந்து எல்லாம் திரும்பி நின்றன. ஏழும் அப்படியே. மேடம் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ கொஞ்சம் ஸ்லோ" என்றார். நானும் தலையாட்டினேன்.

ஜூலையில் ஒரு மதியம். மற்ற பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் தூங்க மாட்டாள். சும்மா இருக்கட்டுமே என்று கொஞ்சம் புளியங்கொட்டைகளை அவள் முன்னால் கொட்டி, எத்தனை இருக்கிறது என்று எண்ணச் சொன்னேன். ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினாள்.

"எட்டு."

நெருக்கமாகக் கிடந்த கொட்டைகளை நான் நீள வரிசையாகப் பரப்பி வைத்தேன். வேறு எண்ணமெல்லாம் இல்லை, அவை சிதறிக் கிடந்தது கண்ணை உறுத்தியது, அவ்வளவுதான். "இப்போ எத்தன?" என்று கேட்டேன்.

வரிசையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தாள். "நெறைய" என்றாள்.

"எண்ணிப் பாரு."

எண்ணினாள். எட்டு வந்தது. அவள் முகத்தில் சந்தேகம். என் கையைப் பிரித்துப் பார்த்தாள். பாயைத் தூக்கி அடியில் பார்த்தாள். நான் எதையோ எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். பிறகு அவளே கொட்டைகளை வட்டமாக அடுக்கி எண்ணினாள். எட்டு. ஒன்றின் மேல் ஒன்றாகக் குவித்து எண்ணினாள். அது சரிந்து விழ, விழுந்தபடியே எண்ணினாள். எட்டு. வலப்பக்கத்திலிருந்து எண்ணினாள். இடப்பக்கத்திலிருந்து எண்ணினாள். நான்கு கொட்டைகளைத் தன் பாவாடை மேலும் நான்கை என் புடவை மேலும் வைத்து எண்ணினாள். எனக்கு அலுத்துப்போகும் அளவுக்கு நேரம் ஓடியது. கடைசியில் நிமிர்ந்து, தூங்குகிற பிள்ளைகளை எழுப்பிவிடக் கூடாதென்று ரகசியக் குரலில் சொன்னாள்.

"மிஸ், எப்படி வெச்சாலும் எட்டுதான் வருது!"

அவள் கண்கள் விரிந்திருந்தன. உலகத்தில் இப்படியும் நடக்குமா என்ற திகைப்பு அதில் இருந்தது.

மூன்று வருடம் கணக்குப் படித்திருக்கிறேன். எந்த வரிசையில் கூட்டினாலும் தொகை மாறாது என்பதைப் பாடத்தில் ஒரே வரியில் கடந்து வந்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஒரு நாள்கூட அதை நான் ஆச்சரியமாகப் பார்த்ததில்லை. இடம் மாறுகிறது, உருவம் மாறுகிறது, பரப்பினால் பெரிதாகவும் குவித்தால் சிறிதாகவும் தெரிகிறது, இருந்தும் மாறாத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது. அந்த ஒன்று கொட்டையிலும் இல்லை, பாயிலும் இல்லை. அதை இந்தப் பெண் யாரும் சொல்லித் தராமல், மதியத் தூக்கத்துக்கு நடுவில் கண்டுபிடித்துவிட்டாள். அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது என்னையறியாமல் எதிரில் வருகிறவர்களையும் வண்டிகளையும் எண்ணிக்கொண்டே போனேன்.

அதற்குப் பிறகு நான் பிள்ளைகளின் நோட்டைத் திருத்துவதைக் குறைத்துக்கொண்டு, அவர்கள் வாயைக் கவனிக்கத் தொடங்கினேன்.

நூறு வரை இங்கிலீஷில் ஒப்பிக்க எல்லோருக்கும் பழக்கியிருந்தோம். இவளும் கூட்டத்தோடு சேர்ந்து ஒப்பிப்பாள். ஆனால் தனியாக எதையாவது எண்ணும்போது தமிழில்தான் எண்ணுவாள். ஒரு நாள் ஐஸ்கிரீம் குச்சிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இருவத்தேழு, இருவத்தெட்டு, இருவத்தொம்போது, இருவத்திப் பத்து, இருவத்திப் பதினொண்ணு..."

நான் சிரித்துவிட்டேன். அவள் எண்ணுவதை நிறுத்தினாள்.

"ஏன் மிஸ்? தப்பா?"

தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. இருபதோடு ஒன்பது சேர்ந்தால் இருபத்தொன்பது என்றால், இருபதோடு பத்து சேர்ந்தால் வேறு என்ன? யாரும் அவளுக்கு இருபத்திப் பத்து என்று சொல்லித் தந்திருக்க முடியாது. அப்படி ஒரு எண்ணை அவள் எங்குமே கேட்டிருக்க முடியாது. கேட்ட எண்களிலிருந்து விதியைத் தானே கண்டுபிடித்து, அந்த விதி போகிற வழியிலேயே போய், கேட்காத எண்ணையும் செய்துவிட்டாள். மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு இந்தத் தப்பு வராது.

"தப்பு இல்லடா. இரு, ஒண்ணு காட்டறேன்" என்று சொல்லிப் பத்துக் குச்சிகளைச் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டேன். அவள் உடனே பிடித்துக்கொண்டாள். இன்னும் பத்து எண்ணி இன்னொரு கட்டு. மறுபடி பத்து எண்ணி இன்னொரு கட்டு.

"எத்தன கட்டு?" என்றேன்.

"மூணு கட்டு. மூணு பத்து." சொல்லிவிட்டுச் சற்று நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. "மூணு பத்து... முப்பத்து... முப்பது!" என்று கத்தினாள். "மிஸ், முப்பதுக்குள்ள மூணு இருக்கு!"

பிறந்ததிலிருந்து நான் பேசுகிற மொழி. முப்பது என்று எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அதற்குள் மூன்று இருப்பது அன்றுதான் என் காதில் விழுந்தது. கட்டு மேல் கட்டாகப் போட்டுக்கொண்டே அவள் மேலே போனாள். நாற்பதுக்குள் நாலு, ஐம்பதுக்குள் அஞ்சு, அறுபதுக்குள் ஆறு, எழுபதுக்குள் ஏழு. எண்பதில் சற்றுத் தடுமாறினாள். எட்டு ஒளிந்துகொண்டிருக்கிறது என்றாள்.

"எம்பதுக்கு அப்புறம்?"

"தொண்ணூறு" என்றேன்.

ஒன்பது கட்டுகளையும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அதுல எதுக்கு நூறு வந்துச்சி? நூறு இன்னும் வரவே இல்லியே?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று அவளிடமே சொன்னேன். மிஸ்ஸுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்பதில் அவளுக்கு ஏமாற்றம் எதுவும் இல்லை. "பரவால்ல, நான் யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் குச்சிக் கட்டுகளை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள்.

எண்களில் இவ்வளவு தூரம் போகிறவள் எழுத்தில் மட்டும் நகரவே இல்லை. இருபத்தாறு எழுத்தும் தெரியும், ஒவ்வொன்றின் ஓசையும் தெரியும். பூனைப் படம் போட்ட அட்டையைக் காட்டினால் "க்... ஏ... ட்" என்று ஒழுங்காகச் சொல்வாள். "சேத்துச் சொல்லு" என்றால் படத்தைப் பார்த்து "பூனை" என்பாள். வாரக்கணக்கில் இதே கதை. மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக அந்த வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அக்டோபரும் வந்துவிட்டது. மேடம் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணு அம்மாகிட்ட பேசிடுங்க. ஒன் மோர் இயர் இதே கிளாஸ்ல இருக்கட்டும்" என்றார்.

அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் என் மேசையருகே நின்று பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. பூனைக்கான 'கேட்' அவள் வாழ்க்கையில் இல்லாத சொல். எழுத்துகளைச் சேர்த்த பிறகு ஏதோ ஒன்று வந்து நிற்க வேண்டுமே. அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்லாக இருந்தால்தானே வந்து நிற்கும்? பலகையில் பி, யூ, எஸ் என்று மூன்று எழுத்தை எழுதினேன். படம் எதுவும் போடவில்லை.

"ப்" என்றாள். "அ. ஸ்."

"ம்."

"ப்... அ... ஸ்." மீண்டும், கொஞ்சம் வேகமாக. "ப்... அஸ்." உதட்டை மூடினாள். மூடிய உதட்டைத் திறந்தபோது "பஸ்" என்று வந்தது.

தான் சொன்னதைத் தானே காதால் கேட்டாள். அதன் பிறகு ஒரு விநாடி இருக்கும், அதற்கு மேல் இருக்காது. முதலில் புருவம் உயர்ந்தது. பிறகு பலகையைத் திரும்பிப் பார்த்தாள். சற்று முன்பு வரை மூன்று கோடுகளும் வளைவுகளுமாக இருந்த இடத்தில் இப்போது பஸ் நின்றுகொண்டிருந்தது. அது எங்கிருந்து வந்தது, எப்படி உள்ளே நுழைந்தது என்று தேடுவதுபோல் எழுத்துக்கு அருகில் போய் விரலால் தொட்டாள். விரலில் சாக்பீஸ் தூள்தான் ஒட்டியது.

"மிஸ்... பஸ்ஸு போர்டுல இருக்கு" என்றாள்.

ஒரு பிள்ளை நடக்கத் தொடங்கும் நாளை வீட்டிலுள்ளவர்கள் பார்க்கிறார்கள். பேசத் தொடங்கும் நாளையும் பார்க்கிறார்கள். படிக்கத் தொடங்கும் இந்த விநாடியை அருகிலிருந்து பார்க்கிற பாக்கியம் என்னைப்போல் யாரோ சிலருக்குத்தான் கிடைக்கிறது. அதற்கு முந்தின விநாடிக்கு அவள் இனி எந்நாளும் திரும்பிப் போக முடியாது. நினைத்தாலும் ஒரு எழுத்தை வெறும் கோடாகப் பார்க்க முடியாது.

பேக், பென், கப், பின் என்று அவளுக்குத் தெரிந்த சொற்களாகத் தேடித் தேடி எழுதினேன். எல்லாவற்றையும் படித்தாள். மறுநாள் காலை அவளை விட வந்த அம்மா வாசலிலேயே நின்று சலித்துக்கொண்டார்.

"என்னா மிஸ் பண்ணீங்க இவள? ரோட்ல நடக்கவே மாட்டேங்குறா. ஒவ்வொரு போர்டா நின்னு நின்னு பாக்குறா. எனக்கு கம்பெனில பஞ்ச் வெக்க நேரமாயிடுச்சி."

மேடத்திடம் போய், அந்தப் பெண்ணின் அம்மாவிடம் நான் எதுவும் பேசப்போவதில்லை என்று சொன்னேன். அவர் காரணம் கேட்டார். கையைப் பிடித்து வகுப்புக்கு அழைத்து வந்து, அவள் படிப்பதைக் காட்டினேன்.

ஜனவரியில் நடந்ததைத்தான் என்னால் இன்றுவரை சாதாரணமாகச் சொல்ல முடிவதில்லை.

அம்மாவுக்கு ஓவர்டைம் போட்ட ஒரு வாரம். சாயங்காலம் எல்லாப் பிள்ளைகளும் போன பிறகும் இவள் மட்டும் காத்திருப்பாள். அன்று கேட்டருகே போய்ப் போய்ப் பார்த்துவிட்டு, ஒரு காகிதத்தையும் கிரேயானையும் எடுத்துக்கொண்டு தரையில் குப்புறப் படுத்தாள். வாயால் ஓசைகளைச் சொல்லிச் சொல்லி, நடுவில் அடித்துத் திருத்தி, நீண்ட நேரம் எதையோ எழுதினாள். கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

AMA SIKRM VA

எனக்குப் படிக்க இரண்டு விநாடி ஆனது. அம்மா சீக்கிரம் வா.

இப்படி எழுதலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாங்கள் சொல்லித் தந்ததெல்லாம் பார்த்து எழுதுவதுதான். இங்கிலீஷுக்கென்று தந்த எழுத்துகளை எடுத்துத் தன் மொழியைத் தானே எழுதிக்கொண்டாள். அதுவும் எதற்கு? மதிப்பெண்ணுக்கு இல்லை, நோட்டுக்கு இல்லை. கண்ணுக்கெட்டாத இடத்தில் இருக்கிற ஒருவரைக் கூப்பிடுவதற்கு. மனிதர்கள் எழுத்தை முதன்முதலில் கண்டுபிடித்ததும் இப்படி யாரையோ கூப்பிடுவதற்காகத்தான் இருக்குமோ என்று நினைத்தேன்.

"அம்மாவுக்கு அனுப்புங்க மிஸ்."

போனில் படம் எடுத்து அவள் அம்மாவுக்கு அனுப்பினேன். அவர் கம்பெனியில் வேலை நேரத்தில் போனை வெளியில் லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எப்போது பார்ப்பாரோ என்று இருந்துவிட்டேன். படத்தோடு நாலு வார்த்தை விளக்கமாகச் சேர்த்து அனுப்பியிருக்க வேண்டும். அது அப்போது தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் ஓடிவந்தார். மூச்சு வாங்கியது. அறுந்த செருப்பு ஒன்று கையில் இருந்தது.

"என்னாச்சி மிஸ்? பாப்பாவுக்கு என்னாச்சி?"

"ஒண்ணும் ஆகலக்கா, ஒண்ணும் ஆகல. பாப்பா உங்களுக்கு எழுதியிருக்கா, அதான் அனுப்பினேன். தப்பா நெனச்சிக்காதீங்க."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு இங்கிலீஷு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது மிஸ். டீ டைம்ல போன எடுத்துப் பாத்துட்டு, பக்கத்து மெஷின் பொண்ணுகிட்ட காட்டுனேன். அது கூட்டிப் படிச்சி, 'அக்கா, சீக்கிரம் வான்னு போட்டிருக்கு'ன்னு சொல்லிச்சி. எனக்கு உசுரே போயிடுச்சி."

மகள் மட்டும் பதறவே இல்லை. "வந்துட்டியா? நான்தான் எழுதுனேன்" என்றாள், ஏதோ பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும் என்பதுபோல. பிறகுதான் அம்மா சொன்னது அவளுக்கு உறைத்தது. "உனக்குப் படிக்கத் தெரியாதா?"

அம்மாவின் முகம் வாடியதைப் பார்த்தேன். "ஏன் தெரியாது? ஒம்பதாவது வரைக்கும் படிச்சிருக்கேன். தமிழ்ல நல்லா படிப்பேன்."

"அது எப்படி இருக்கும்?"

நான் ஒரு சிலேட்டைக் கொடுத்தேன். அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நிதானமாக, அழகான கையெழுத்தில் எழுதினார். அம்மா.

சிறுமி சிலேட்டின் மேல் கவிழ்ந்தாள். "இதுல ம் எது?"

"இது."

"பக்கத்துல இருக்கறதும் இது மாதிரிதான இருக்கு? இதுக்கு மட்டும் ஏன் மேல பொட்டு வெச்சிருக்க?"

"அது புள்ளி. புள்ளி வெச்சா ம். இங்க பாரு, பக்கத்துல இருக்கறது கால். கால் போட்டா மா."

அவள் இரண்டு விரல்களைத் தன் உதட்டின் மேல் வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். "அம்." உதடு ஒட்டியது. "மா." உதடு பிரிந்தது. மறுபடி சொன்னாள். அம்மாவின் உதட்டிலும் விரலை வைத்துச் சொல்லச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மிஸ், புள்ளி வெச்சா வாய் மூடிக்குது. கால் வெச்சா வாய் தொறந்துக்குது!"

நானும் அவள் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு, சொன்னால் சிரிப்பீர்கள், நாங்கள் இருவருமே உதட்டில் விரலை வைத்து அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தோம். அவள் சொன்னது சரிதான்.

அந்த வாரத்திலேயே அவள் அப்பாவுக்கும் ஒரு கடிதம் எழுதித் தன் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் வரவில்லை. எழுதினால் மட்டும் போதாது, அவர் படிக்கவும் வேண்டும் என்று நான் சொன்னபோது, இது என்ன நியாயம் என்பதுபோல் என்னைப் பார்த்தாள். அன்று இரண்டு வரி எழுதி அம்மாவிடம் கொடுத்தனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை அப்பா லாரிப் பொம்மை வாங்கித் தந்தார் என்று திங்கட்கிழமை செய்தி வந்தது.

ஏப்ரலில் வகுப்பு முடிந்தது. அவர்கள் சந்தாபுரம் பக்கம் வீடு மாறிப் போனார்கள். அங்கே அவளை அரசுப் பள்ளியில் கன்னட வழியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். மூன்றாவதாக ஒரு எழுத்து. அவளைப் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் துணிக்கடையில் அவர்களைப் பார்த்தேன். அவள் வளர்ந்திருந்தாள். முன்பல் இரண்டு விழுந்திருந்தன. என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டு அம்மாவின் பின்னால் போய்விட்டாள். அம்மாதான் பேசினார். சாயங்காலம் தினமும் மகள் ஒரு பாடம் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித் தருகிறாளாம். படிக்கவில்லை என்றால் திட்டுகிறாளாம். பிறகு, பக்கத்தில் மாட்டியிருந்த ஒரு சட்டையின் கழுத்தைத் திருப்பி, உள்ளே தைத்திருந்த சின்ன வெள்ளைத் துணியைக் காட்டினார்.

"இத்தன வருசமா இதத்தான் மிஸ் நான் தெக்கிறேன். ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல. இதுல இருக்கறது கம்பெனி பேருன்னே நெனச்சிட்டு இருந்தேன்." அந்த எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார். விரல் ஒவ்வொரு எழுத்திலும் நின்று நின்று போனது. "வா... ஷ். வாஷ். தொவைக்கச் சொல்லியிருக்கான்!"

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் கடையே திரும்பிப் பார்த்தது. மகள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அடுத்த வரியும் படி" என்றாள்.